கேப்சூல் எண்டோஸ்கோப்பி: குடலில் ஒளிந்த ரத்தக்குழாய்ப் புற்றுநோயைப் பிடிக்குமா?

மலம் கறுப்பாகப் போகிறது, ரத்தம் ஏற்றினாலும் ஹீமோகுளோபின் நிற்பதில்லை, எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றுமில்லை. அடுத்து டாக்டர் எழுதுவது பெரும்பாலும் கேப்சூல் எண்டோஸ்கோப்பிதான், அதாவது கேமரா உள்ள மாத்திரையை விழுங்கி குடலைப் படமெடுக்கும் பரிசோதனை. சிறுகுடலில் கசியும் இடத்தைத் தேட, நோயாளிக்கு இதைவிடச் சிரமம் குறைந்த பரிசோதனை இல்லை. ஆனால் காரணம் ஆஞ்சியோசர்கோமா என்ற அரிய ரத்தக்குழாய்ப் புற்றுநோயாக இருந்தால், இது பாதி வேலையைத்தான் செய்யும்.

கேமரா மாத்திரை சுமார் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. தடிமன். மாடலைப் பொறுத்து நொடிக்கு 2 முதல் 6 படம் எடுக்கும். பேட்டரி 8 மணி நேரமாவது தாங்கும். இரைப்பையிலேயே வெகுநேரம் தங்கிவிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் போவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். எனவே ரிப்போர்ட்டில் மாத்திரை பெருங்குடலை எட்டியதா என்று முதலில் பாருங்கள். எட்டவில்லையென்றால் 'ஒன்றுமில்லை' என்ற முடிவை நம்ப வேண்டாம்.

இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அதன் கறுப்பு எச்சம் குடல் சுவரை மறைத்துவிடும். முந்தைய நாள் பேதிக் கரைசல், இரவு முழுக்கப் பட்டினி. விழுங்கி 2 மணி நேரம் கழித்துத் தண்ணீர், 4 மணி நேரம் கழித்து லேசான சாப்பாடு.

இதன் பெரிய ஆபத்து, கட்டி நெருக்கிய இடத்தில் மாத்திரை சிக்கிக்கொள்வது. வயிற்று உப்புசம், வலி, வாந்தி உள்ளவர்களுக்கு முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் கேப்சூல் கொடுப்பது சரியல்ல. மாத்திரை வெளியேறும்வரை எம்.ஆர்.ஐ. கூடாது, 2 வாரம் தாண்டினால் சிக்கிவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

ஆஞ்சியோசர்கோமா பெரும்பாலும் செந்நீல முடிச்சாகத் தெரியும். நடுவே புண் இருக்கலாம். பல இடங்களில் தனித்தனியாக இருப்பதும் உண்டு. மாத்திரை வேகமாக நகரும் இடத்தில் இரண்டு மூன்று படங்களில்தான் சிக்கும், வீடியோவை ஓட்டிப் பார்ப்பவர் தவறவிடுவார். ரத்தம் தேங்கியிருந்தால் அதுவும் தெரியாது. பரவலாகக் காணப்படும் சாதாரண ரத்தக்குழாய் விரிவு தட்டையாக, பளிச்சென்ற சிவப்பில் இருக்கும். மேடாக இருப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவதுதான் விபரீதம்.

கேப்சூலால் பயாப்சிக்குச் சதை எடுக்க முடியாது. அதற்கு பலூன் என்டெரோஸ்கோப்பி, அதாவது பலூன் உதவியோடு சிறுகுடலின் ஆழம்வரை செலுத்தும் நீளமான எண்டோஸ்கோப் வேண்டும். வாய் வழியா, ஆசனவாய் வழியா என்பதை முடிவுசெய்ய கேப்சூல் வீடியோவில் உள்ள நேரக்குறிப்பு உதவும். அதனால் ரிப்போர்ட்டோடு நிற்காமல் வீடியோவையும் கேட்டு வாங்குங்கள்.

பயாப்சி வந்தாலும் குழப்பம் தீராது. இந்தப் புற்றுநோயின் ஒரு வகை, கார்சினோமாவை (உறுப்புகளின் உள்பரப்பில் தொடங்கும் வழக்கமான புற்றுநோய்) அடையாளம் காட்டும் கெரட்டின் சாயத்தை ஏற்பதால், சாதாரண கார்சினோமா என்று ரிப்போர்ட் வந்துவிடுவதுண்டு. ரத்தக்குழாய்ச் செல்களை அடையாளம் காட்டும் சிடி31, ஈஆர்ஜி சாயங்கள் போட்டார்களா என்று கேளுங்கள். வயிற்றுப் பகுதியில் முன்பு கதிர்வீச்சு எடுத்தவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையை வாங்கி, சர்கோமா வகைப் புற்றுநோய்களைப் பார்த்துப் பழகிய பெத்தாலஜிஸ்டிடம் (சதையைப் பரிசோதிக்கும் டாக்டர்) கொடுக்கலாம். புதிதாகச் சதை எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.