கிளட்ச் பெடல் உதறுதா? லுக் ரெப்செட் ப்ரோ வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கிளட்ச் பெடலில் உதறல் என்று சொன்னதும் பல ஒர்க்‌ஷாப்புகளில் வரும் முதல் பதில், "செட்டை மாத்திடலாம் சார்." சில வண்டிகளுக்கு அது சரியான பதில்தான். வேறு சில வண்டிகளில் கியர்பாக்ஸை இறக்கி, புது செட் போட்டு, கூலியும் கொடுத்து வெளியே எடுத்தால் அதே உதறல் அப்படியே காலில் ஏறும். லுக் கம்பெனியின் கிளட்ச் செட்டான ரெப்செட் ப்ரோ நல்ல சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெட்டி எந்த உதறலைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று தெரியாமல் வாங்கினால் நல்ல சரக்கும் வீண் செலவுதான்.

லுக் 1965-ல் ஜெர்மனியின் ப்யூல் நகரில் தொடங்கிய கிளட்ச் கம்பெனி. இப்போது ஷேஃப்ளர் குழுமத்தின் பிராண்ட். ஓசூரில் இருந்த லுக் இந்தியா 2018-ல் ஷேஃப்ளர் இந்தியாவோடு இணைந்தது. ரெப்செட் என்ற பெயரில் முக்கியமாக மூன்று விதமான பெட்டிகள் வருகின்றன. சாதா ரெப்செட்டில் பிரஷர் பிளேட், அது அமுக்கிப் பிடிக்கும் கிளட்ச் பிளேட், பெடலை அமுக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இருக்கும். ப்ரோவில் தனி பேரிங் கிடையாது. பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கி பேரிங்கைத் தள்ளுவது சிலேவ் சிலிண்டர்; கியர்பாக்ஸுக்குள் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் அந்தச் சிலிண்டர் பேரிங்கோடு சேர்ந்தே வரும். மூன்றாவது டிஎம்எஃப் செட். இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல்; அது இரட்டையாக (டிஎம்எஃப்) உள்ள வண்டிகளுக்கு ஃப்ளைவீலும் சேர்த்துக் கிடைக்கும்.

எது உங்களுக்கு என்பதை வண்டிதான் சொல்லும். ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வண்டிக்கும், இன்னோவா மாதிரி சிலேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கும் வண்டிக்கும் சாதா செட் போதும். டஸ்டர், பழைய ஃபிகோ மாதிரி சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டிகளுக்குத்தான் ப்ரோ.

வாங்குவதற்கு முன்னால் உதறல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்ஜினைச் சூடாக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஐடிலிங்கில் விடுங்கள். ஏசியை அணைத்துவிடுங்கள். காலை வைக்காமல் குனிந்து இரண்டு விரலால் பெடலைத் தொடுங்கள். ஷூவின் அடிப்பாகம் மெல்லிய அதிர்வை விழுங்கிவிடும், விரல் விழுங்காது.

பெடலைச் சும்மா தொட்டாலே அதிர்கிறது, சீட்டும் ஸ்டியரிங்கும் கூடவே அதிர்கின்றன என்றால் கிளட்ச் பக்கம் போகவே வேண்டாம். இன்ஜின் மவுண்ட் ரப்பர் அமுங்கியிருக்கும், இல்லையென்றால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. தொடும்போது அமைதியாக இருந்து, ஓரிரு சென்டிமீட்டர் அமுக்கியதும் டக்-டக்கென்று துடிப்பு தொடங்கினால், பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தத் தொடங்கும் இடம் அது. டயஃப்ரம் ஸ்பிரிங்கின் அந்த விரல் முனைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை என்றால் பேரிங் ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் தள்ளப்படும். அந்தத் தள்ளல்தான் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வழியாகவோ ஆயில் வழியாகவோ பெடலுக்கு வருகிறது. முழுக்க அமுக்கியதும் அதிர்வோடு கரகரச் சத்தமும் சேர்ந்தால் ரிலீஸ் பேரிங்கே தேய்ந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, பெடல் மேலே இருக்கும்போது சத்தம் கேட்டு, அமுக்கியதும் நின்றால் அது கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். எந்த கிளட்ச் செட்டும் அதைச் சரிசெய்யாது.

நிற்கும்போது ஒன்றும் இல்லை, முதல் கியரில் பெடலை விட்டு வண்டி நகரும் அந்தப் பாதி இடத்தில் மட்டும் உடம்பே குலுங்குகிறது என்றால் அது வேறு நோய். பிளேட்டில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கும், ஃப்ளைவீல் முகத்தில் சூட்டில் நீலம் பாய்ந்த திட்டுகள் இருக்கும், அல்லது மவுண்ட் போயிருக்கும். இதையும் பெடல் உதறலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

சந்தேகம் தீரவில்லை என்றால் மொபைலில் இருக்கும் ஸ்லோ மோஷனை எடுங்கள். நொடிக்கு 240 ஃபிரேம் பதிவாக வேண்டும். மொபைலை வண்டிக்குள் வைக்காமல் கதவைத் திறந்து வெளியே ஒரு ஸ்டூலில் நிறுத்துங்கள். உள்ளே வைத்தால் அதுவும் சேர்ந்து ஆடும். பெடலின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூலை ஒட்டி, துடிப்பு வரும் ஆழத்தில் பெடலைப் பிடித்துக்கொண்டு 800 ஆர்பிஎம்மில் படம் பிடியுங்கள். அந்த வேகத்தில் இன்ஜின் ஒரு சுற்று சுற்ற 18 ஃபிரேம் ஆகும். நூல் 18 ஃபிரேமுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் குற்றம் சுற்றுக்கு ஒருமுறை வருகிறது: பிரஷர் பிளேட் விரல்கள், சாய்ந்த கவர், அல்லது ஃப்ளைவீல் முகம். 36 ஃபிரேமுக்கு ஒருமுறை என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு இடி. ஒரு சிலிண்டர் எரியாததன் அடையாளம். நாலு சிலிண்டர் வண்டியில் 9 ஃபிரேம், ஆல்டோ மாதிரி மூன்று சிலிண்டர் வண்டியில் 12 ஃபிரேம் என்று வந்தால் அது இன்ஜினின் வழக்கமான அதிர்வு. ஏதோ ஒரு வழியில் தடுப்பில்லாமல் பெடலுக்கு வருகிறது. ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இறங்கினால் எண்ணும் ஒன்றிரண்டு மாறும், ஆனால் 18-க்கும் 36-க்கும் குழப்பம் வராது.

அந்தக் கடைசி வகைக்கு ஒரு எளிய காரணம் உண்டு, அடிக்கடி கண்ணில் படாமல் போகிறது. சில ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகளில் பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் சிலேவ் சிலிண்டருக்கும் நடுவே, பைப்பில் சிறிய டப்பா மாதிரி ஒரு டேம்பர் இருக்கும். இன்ஜினின் துடிப்பைப் பெடலுக்கு விடாமல் விழுங்குவதுதான் அதன் ஒரே வேலை. ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வரவில்லை, லீக் ஆகிறது என்று யாராவது அதைக் கழற்றி நேர் பைப் போட்டிருந்தால் பெடல் காலம் முழுக்க ரீங்காரமிடும். கேபிள் வண்டியில் இதே வேலையைக் கேபிள் நுழையும் இடத்து ரப்பர் செய்கிறது. அது காய்ந்து உடைந்தாலும், கேபிள் எங்காவது பாடியில் உரசினாலும் இதே கதை. இதற்கு முழுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை, ஒரு ரப்பர் போதும்.

குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் பெடல் சிலிர்த்தால் இன்ஜினின் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பிய்ந்திருக்கலாம். அப்படியே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் கிளட்சை அமுக்கி அமுக்கி விட, இன்னொருவர் புல்லியைப் பக்கவாட்டில் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் புல்லி உள்ளே வெளியே நகர்ந்தால் கிராங்க்‌ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது இன்ஜின் வேலை. அந்த நிலையில் புது பிரஷர் பிளேட் போடுவது காசைக் கரியாக்குவது.

இதையெல்லாம் தாண்டி குற்றம் செட்டில்தான் என்று தெளிவானால், சிலிண்டர் உள்ளே இருக்கும் வண்டிக்கு ப்ரோவைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். காரணம் சிலிண்டர். உள்ளே உட்காரும் சிலிண்டரின் சீல், பிளேட்டோடு சேர்ந்தேதான் வயதாகிறது. புது பிரஷர் பிளேட், புது பிளேட் போட்டுவிட்டுப் பழைய சிலிண்டரை அப்படியே விட்டால், அது ஒழுகும் நாளில் கியர்பாக்ஸை மறுபடி முழுக்க இறக்க வேண்டும். ஒழுகிய ஆயில் புது பிளேட்டையும் நனைத்திருக்கும். பிளேட்டுகளை மட்டும் வாங்குவதைவிட ப்ரோவுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை இந்த இரண்டாவது கூலியோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம். மூன்று பாகமும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்து வருவதும் ஒரு லாபம்; ஒரு கடையில் பிளேட், இன்னொரு கடையில் பேரிங் என்று சேர்க்கும்போது உயரம் பொருந்தாமல் போவது நடக்கிற விஷயம்.

குறை என்றால், பெட்டியில் இல்லாதவற்றைச் சொல்ல வேண்டும். ப்ரோவில் ஃப்ளைவீல் வராது. சுற்றுக்கு ஒருமுறை வரும் துடிப்புக்கு ஃப்ளைவீல் முகமே காரணமாக இருந்தால் ப்ரோ தோற்றுப்போகும். அதனால் கியர்பாக்ஸ் இறங்கிய உடனே, சிறு ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டொயோட்டா கையேடுகள் ஃப்ளைவீல் முகத்துக்கு அதிகபட்சம் 0.1 மி.மீ. ஓட்டம் (சுற்றும்போது முகம் ஆடும் அளவு) அனுமதிக்கின்றன, சுசுகி 0.2 மி.மீ. வரை விடுகிறது. அதைத் தாண்டினால், ஒற்றை ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம் (ஃபேசிங்), இரட்டை ஃப்ளைவீலை மாற்றித்தான் ஆக வேண்டும். கிராங்க் பின்புற ஆயில் சீலையும் தனியாக வாங்கி அப்போதே மாற்றிவிடுங்கள். சீல் ஒழுகிக்கொண்டிருந்தால் புது பிளேட் சில மாதத்தில் குலுங்கத் தொடங்கும்.

புது செட் போட்டும் உதறல் நிற்கவில்லை என்ற புகார்கள் பலவற்றுக்குக் காரணம் மாட்டும் முறையில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஏர் கன்னில் முழுக்க முறுக்கினால் கவர் ஒரு பக்கம் வளைந்துவிடும். வளைந்த கவரில் விரல்கள் சமமாக இருக்காது. டொயோட்டா இந்த விரல் முனைகளின் ஏற்ற இறக்கத்துக்கு வைத்திருக்கும் எல்லை 0.5 மி.மீ. மட்டுமே. எதிரெதிர் போல்ட்டாக, ஒரு தடவைக்கு ஒரு சுற்று வீதம், கையால் முறுக்க வேண்டும். கடைசியில், சொன்ன அளவு இறுக்கத்தில் நிறுத்தும் டார்க் ரெஞ்ச். பிரஷர் பிளேட்டைக் கீழே போட்டுவிட்டால் வெளியே கீறல்கூட இல்லை என்றாலும் அதை மாட்டக் கூடாது. தானே தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை பிரஷர் பிளேட் வந்தால் அதற்குத் தனி டூல் கட்டாயம். டூல் இல்லாமல் போல்ட்டிலேயே இழுத்தால் உள்ளே இருக்கும் சரிசெய்யும் வளையம் தவறான இடத்தில் நின்றுவிடும்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேர்கோட்டில் நிறுத்தும் டவல் புஷ் இரண்டும் தன் இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பு யாரோ கழற்றும்போது ஒன்று தொலைந்து, இல்லாமலேயே மாட்டியிருப்பார்கள். போல்ட் பிடிக்கும், வண்டி ஓடும், ஆனால் பேரிங் நடுவில் உட்காராது.

பிளேட் மாட்டும் இன்புட் ஷாஃப்டின் பற்களில் (ஸ்ப்ளைன்) கிரீஸ் மெல்லிசாக ஒரு பூச்சு. பிளேட்டை ஒருமுறை நுழைத்து எடுத்து, பிதுங்கியதைத் துடைத்துவிட வேண்டும். மிச்சம் விட்டால் சுழற்சியில் தெறித்து பிளேட்டின் உராயும் முகமான லைனிங்கில்தான் போய் ஒட்டும். சிலிண்டரை மாட்டுவதற்கு முன் கையால் அமுக்கிப் பார்க்கவே கூடாது, சீல் புரண்டுவிடும். அதில் மினரல் ஆயிலும் படக்கூடாது. வண்டிக்குச் சொல்லப்பட்ட பிரேக் ஃப்ளூயிட் மட்டும்தான். ஏர் எடுக்கும்போது பெடலைப் படபடவென்று அடிக்காமல் நிதானமாக அமுக்கி விட வேண்டும்.

போலிப் பெட்டிகள் சந்தையில் உண்டு. ஷேஃப்ளரின் ஒரிஜின்செக் ஆப்பில் பெட்டியின் மேல் இருக்கும் கட்டக் குறியீட்டை ஸ்கேன் செய்து, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய செட்டை விட்டுவிட்டு வராதீர்கள், கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பிரஷர் பிளேட்டின் விரல் முனைகளில் பேரிங் உரசிய ஒரு பளபளப்பான வளையம் இருக்கும். எல்லா விரலிலும் குறுகலாக, ஒரே அகலத்தில் இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஒரு பக்கத்து விரல்கள் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, எதிர்ப்பக்கத்து விரல்களில் கறுப்பு மங்காமல் இருந்தால் கவர் சாய்ந்திருந்தது. எல்லா விரலிலும் வளையம் வழக்கத்தைவிட அகலமாகப் பரந்திருந்தால் பேரிங் நடுவில் உட்காராமல் ஓடியிருக்கலாம், டவல் புஷ்ஷைப் பற்றி அப்போதே கேளுங்கள். பிறகு அதே ஸ்டூல், அதே வெள்ளை நூல், அதே 800 ஆர்பிஎம் வைத்து இன்னொரு படம் பிடியுங்கள். 18 ஃபிரேம் துடிப்பு இன்னும் இருந்தால், கூலியைக் கொடுப்பதற்கு முன்பே அந்தப் படத்தை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.