செய்கூலி, சேதாரம், நெத்திலி: இத்தாலியக் கடலோரத்தில் எங்கே சாப்பிடலாம்?

இத்தாலி போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கடற்கரைப் பக்கம் ஒரு நாள்தான் இருக்கு, எங்கே சாப்பிடலாம்?" கேட்கும்போதே போனில் ஒரு படமும் தயாராக இருக்கும். பூலியா மாநிலத்தில் பொலிஞானோ அ மாரே ஊரில், சுண்ணாம்புப் பாறைக் குகைக்குள் மேசை போட்டிருக்கும் கிரோத்தா பலாட்சேசே உணவகம். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் விருந்து வைத்த இடம், காலுக்குக் கீழே நீலக்கடல். அழகில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கோடைக்காலத்தில் மட்டும்தான் திறப்பார்கள், ஒரு ஆளுக்குச் செலவு 100 யூரோவை அலட்டாமல் தாண்டும். நகைக்கடைக் கணக்கில் சொன்னால் தங்கம் கொஞ்சம், செய்கூலி ஏராளம். கல்யாண நாளுக்குப் போகலாம். பசிக்குப் போகிற இடம் அல்ல.

மீனுக்காகப் போகிறவர்களுக்கு என் கணக்கில் மூன்று இடங்கள்தான் போட்டியில் நிற்கின்றன.

முதலாவது மொன்தெரோசோ. வடமேற்கு இத்தாலியின் லிகுரியா கடற்கரையில் சிங்குவே தெர்ரே என்று சொல்லும் ஐந்து ஊர்களில் பெரியது, ஒழுங்கான மணல் கரை உள்ளது. 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி என்பதால் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை லா ஸ்பேட்சியாவிலிருந்து வரும் ரயிலில் நம்ம ஊர் மின்சார ரயில் ஞாபகம் வரும். ஐந்தில் நான் இங்கே சாப்பிடச் சொல்வதற்குக் காரணம் நெத்திலி. உள்ளூர் பேச்சில் அதைக் 'கடலின் ரொட்டி' என்பார்கள். உப்பில் ஊறியதைக் கழுவி எண்ணெய் விட்டு, பச்சையாக எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, பொரித்து, உருளைக்கிழங்கு தக்காளியோடு அடுப்பில் வேகவைத்து என்று பல விதமாகத் தருவார்கள். முதல் தடவை போனால் எலுமிச்சையில் ஊறியதைக் கேளுங்கள். சாறு பட்டதும் சதை வெளுத்து இறுகிவிடும், கவிச்சி கொஞ்சமும் இருக்காது. குறை என்னவென்றால், ஊரில் பாதிக் கடைகள் ஒரு மணி நேரத்தில் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்காகவே சமைக்கின்றன. அந்த அவசரம் தட்டிலும் தெரியும்.

இரண்டாவது சேதாரா. நகைக்கடைச் சேதாரம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை, ஊர்ப் பெயரே அப்படித்தான். தெற்கு இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில், சலேர்னோ நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். சுமார் இரண்டாயிரம் பேர் வசிக்கும் மீனவர் ஊர், ஒரு துறைமுகம், ஒரு பழைய காவல் கோபுரம். அதே கரையில் பேர்போன பொசித்தானோவுக்குப் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி இங்கே இறங்குவதில்லை. நல்லதாயிற்று.

இங்கேயும் நெத்திலிதான், ஆனால் கதை வேறு. வசந்தகாலம் தொடங்கி ஜூலை வரை, இரவில் விளக்கு வைத்து மீனைக் கூட்டி, சுருக்குவலை போட்டுப் பிடிக்கிறார்கள். தலையையும் குடலையும் கையாலேயே கிள்ளி எடுத்துவிட்டு, 'தெர்சீஞோ' என்ற சின்ன மரப் பீப்பாயில் ஒரு வரிசை மீன், ஒரு வரிசை உப்பு என்று அடுக்கி, மேலே கனமான கல்லை ஏற்றிவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊறிய பிறகு பீப்பாயின் அடியில் துளை போட்டால், தேன் நிறத்தில் ஒரு நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதுதான் 'கொலாத்தூரா'. பழைய ரோமானியர்களின் கரும் என்ற மீன்சாற்றின் வாரிசு என்பார்கள். 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பிறப்பிடப் பாதுகாப்பு முத்திரை கிடைத்தது.

பாட்டிலைத் திறந்தால் வீச்சம் கருவாட்டுக் கூடைதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்பகெட்டியோடு சேரும்போது மாயம் நடக்கிறது. பாஸ்தா வேகும் தண்ணீரில் உப்பே போடக்கூடாது. ஒரு கிண்ணத்தில் வதக்காத பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி, கொஞ்சம் மிளகாய், ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொலாத்தூரா. இதை அடுப்பில் வைப்பதே இல்லை. வெந்த பாஸ்தாவை அதில் கொட்டிப் புரட்டினால் முடிந்தது. தட்டில் மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது, வாயில் கடல் முழுக்க இருக்கும். பழைய பிரான்சிஸ்கன் மடத்தில் நடக்கும் 'அல் கொன்வென்தோ', துறைமுகத்தை ஒட்டிய 'அக்குவாபாட்சா' இரண்டும் இதற்குப் பேர்போனவை. உட்கார நேரமில்லை என்றால் காகிதக் கூம்பில் பொரித்த மீன் வாங்கிக்கொண்டு படகுகள் பக்கம் நடக்கலாம்.

மூன்றாவது, ஊர் என்பதைவிட ஒரு கடற்கரை: கிழக்குக் கரையில் அப்ரூட்சோ மாநிலத்தில் ஒர்த்தோனாவுக்கும் வாஸ்தோவுக்கும் நடுவே இருக்கும் திரபோக்கோக்கள். கடலுக்குள் மரக்கால் ஊன்றி, பலகைப் பாலம் போட்டு, நீட்டிய கழிகளில் பெரிய வலையைக் கட்டித் தொங்கவிட்ட மீன்பிடி மேடைகள். கொச்சியில் சீன வலையைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். சான் வீத்தோ, ரோக்கா சான் ஜொவான்னி பக்கம் சில மேடைகளை இப்போது உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். மேசைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் போனால் படியேறித் திரும்ப வேண்டியதுதான். பெரும்பாலும் மெனு அட்டையே கிடையாது. அன்றைக்கு வந்த மீன் தட்டுத் தட்டாக வந்துகொண்டே இருக்கும், போதும் என்று சொல்லும் தைரியம் நமக்குத்தான் வேண்டும். பலகை இடுக்கில் கீழே அலை தெரியும். கடல் கொந்தளித்தால் கடை கிடையாது.

அங்கேயே வாஸ்தோவின் 'புரோதெத்தோ'வையும் விட்டுவிடக் கூடாது. மண்சட்டியில் பலவகை மீன், தக்காளி, மிளகாய். மீன் உடையாமல் இருக்கக் கரண்டி போட்டுக் கிண்ட மாட்டார்கள், சட்டியைப் பிடித்து ஆட்டுவார்கள். இதைப் பார்த்தபோது எங்கள் அத்தை மீன்குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்து ஆட்டுவது கண்முன் வந்தது. மீன் தீர்ந்ததும் மிச்சக் குழம்பில் பாஸ்தாவைப் போட்டுப் புரட்டித் தருவார்கள்.

சரி, சைவர்கள் என்ன செய்வது? நேரானோ போகலாம். சொரேந்தோ தீபகற்பத்தின் நுனியில் இருக்கும் குட்டி ஊர். பொரித்த சுக்கினியையும் உள்ளூர்ப் 'புரொவலோனே தெல் மோனகோ' சீஸையும் சேர்த்துச் செய்யும் ஸ்பகெட்டிக்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். தொடங்கியது 'மரிய கிராட்சியா' என்ற கடையில், 1952 வாக்கில் என்பது ஊர்க்கதை. கறாரான சைவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அந்தச் சீஸுக்குப் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். அது கூடாது என்றால், தக்காளியும் பூண்டும் போட்ட சாதாரண பாஸ்தாவைச் சீஸ் தூவாமல் கேளுங்கள். பெஸ்தோ என்ற பச்சை இலைச் சாந்திலும் சீஸ் உண்டு.

பில் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில், பெயர் வேண்டாம், முழு மீனுக்கு எட்டு யூரோ என்று படித்துவிட்டுத் தாராளமாக ஆர்டர் செய்தேன். பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்ததைக் கண்டுகொள்ளவில்லை. அது 100 கிராமுக்கான விலை. வந்த மீன் ஏறக்குறைய ஒரு கிலோ. இப்போதெல்லாம் மீனைக் கொண்டுவந்து காட்டும்போதே எடையைக் கேட்டுவிடுகிறேன். மெனுவில் நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அது உறையவைத்த சரக்கு. 'கொபெர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்தால் சண்டை போடாதீர்கள், உட்கார்ந்ததற்கான வழக்கமான கட்டணம் அது.

எனக்கு ஒரே நாள்தான் என்றால் சேதாரா, அதில் இரண்டாவது யோசனையே இல்லை. கார் இருந்து, கூட்டாளிகளும் நாலு பேர் இருந்தால் திரபோக்கோ. குழந்தைகளோடு போனால் மொன்தெரோசோ: மணல் இருக்கிறது, ஃபொக்காச்சா என்ற தட்டை ரொட்டி இருக்கிறது, நெத்திலி வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் சாப்பாடு ஓடிவிடும்.

சேதாராவில் கொலாத்தூரா வாங்கினால் செக்-இன் பெட்டியில் வையுங்கள். நான் மூன்று பிளாஸ்டிக் பைகளில் சுற்றிக் கொண்டுவந்தேன். அப்படியும் ஒரு சட்டை இன்னும் மணக்கிறது.