ரெண்டு ட்ரம்பெற் வாங்கின கதை: கம்பஸ் பாண்டில எட்டு மாசம் ஊதினாப் பிறகு ஒரு ரிவியூ

நான் கம்பஸ் பாண்டில ட்ரம்பெற் ஊதுறன், ரெண்டாம் வருசம். உந்த ரிவியூ ஜப்பானில இருந்து செக்கண்ட் ஹாண்டா வந்த யமஹா வை.ரி.ஆர் 1335 எண்ட ட்ரம்பெற் பற்றி. கொழும்பில வாங்கினது, 85,000 ரூபா, இப்ப எட்டு மாசம் ஆகுது. ஸ்டார் குடுக்கிறதெண்டா அஞ்சுக்கு நாலரை. ஆனா இதப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டா இதுக்கு முதல் வாங்கின மற்றதப் பற்றியும் சொல்லத்தான் வேணும், ஏனெண்டா அதிட்ட அடி வாங்கியிருக்காட்டி இதின்ர அருமை எனக்கு விளங்கியிராது.

ஸ்கூலில நான் சைட் ட்ரம். எங்கட பக்கம் பாண்ட் எண்டா தை மாசி வெயிலுக்க இல்லங்களுக்கு இடையில நடக்கிற விளையாட்டுப் போட்டிக்கு மார்ச் பாஸ் அடிக்கிறது, பிரதம விருந்தினரை கேற்றடியில இருந்து மேடை மட்டும் கூட்டிக்கொண்டு போறது, அவ்வளவுதான். நாலைஞ்சு பேர் மெலோடிக்கா, அதாவது வாயால ஊதிக்கொண்டு கட்டை அமத்துற சின்னக் கீபோட், நாலைஞ்சு பேர் ரெக்கோடர் எண்ட ஊதுற குழல், மிச்சம் முழுக்க ட்ரம். ட்ரம்பெற்ற கிட்ட நிண்டு பாத்தது ஒரு செத்தவீட்டிலதான். அதால நான் ட்ரம்பெற் வாங்கப்போறன் எண்டோன்ன அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏனடா, செத்தவீடு வழிய ஊதித் திரியப்போறியே?"

கம்பஸில முதல் வருசம் பாண்டுக்கு ஆக்கள் எடுக்கினம் எண்டாங்கள், ட்ரம் அடிப்பம் எண்டு போனன். மாஸ்டர் கையால ஒரு தாளம் தட்டிக் காட்டினார், திருப்பித் தட்டினன். மெலோடிக்காவில ஒரு சுரம் அமத்தி அத வாயால பாடச் சொன்னார், பாடினன். பிறகு உதட்டை மூடிக்கொண்டு காத்தை விட்டு பர்ர்ர் எண்டு அதிர வை பாப்பம் எண்டார், வைச்சன், பக்கத்தில நிண்ட பெட்டையள் சிரிச்சதுதான் மிச்சம். "தம்பி, அடிக்க இஞ்ச ஆக்கள் கனக்க இருக்கினம், ஊதத்தான் ஆளில்ல" எண்டு என்னை ட்ரம்பெற்றில போட்டுவிட்டார். பாண்டிட்ட இருந்தது ஒரே ஒரு ட்ரம்பெற், அது சீனியர் அக்கா ஒராளிட்ட. அப்ப நான் சொந்தமா வாங்கவேணும்.

இதிலதான் நான் முதல் பிழை விட்டனான். மாஸ்டரிட்டயும் கேக்கேல்ல, அக்காட்டயும் கேக்கேல்ல, போனில தேடி ஒரு ஒன்லைன் கடையில புதுசு ஒண்டு ஓடர் பண்ணீட்டன். பிராண்ட் பேர் ஒண்டும் இல்ல, 38,000 ரூபா, பளபள எண்டு தங்கக் கலர், பெட்டி, வெள்ளைக் கையுறை, துடைக்கிற துணி எல்லாம் சேத்து. நாலாம் நாள் எங்கட ஊர் மல்லாவிக்கு வந்திட்டுது. அப்ப லீவு, நானும் வீட்ட. பின்னேரம் பின்னேரம் வவுனிக்குளக்கட்டுக்குக் கொண்டுபோய் ஊதுவன், தண்ணிக்கு மேலால சத்தம் போய்த் திரும்பி வரும், மயில் வேற பதில் சொல்லும். நீண்ட சுரம், பிறகு ஸ்கேல், ஒரு மாசத்தில எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு. தம்பியும் சூப்பர் எண்டான். தனிய ஊதேக்க உலகத்தில எல்லா ட்ரம்பெற்றும் சூப்பர்தான்.

லீவு முடிஞ்சு முதல் பிராக்டிஸ். பதினாலு பேர், ரெண்டு ட்ரம்பெற், ஒரு கிளாரினெற், ஒரு ஆல்ட்டோ சக்ஸபோன், நாலு மெலோடிக்கா, மூண்டு ரெக்கோடர், சைட் ட்ரம், பேஸ் ட்ரம், சிம்பல். மெலோடிக்காக்காரர் சி மேஜரில, அதாவது சி எண்ட சுரத்தை அடியா வைச்சு, வாசிக்கிற ஒரு சின்ன மார்ச். புதுசா சேருற ஆக்களுக்கு இதில ஒரு குழப்பம் வரும், அதக் கொஞ்சம் சொல்லவேணும். சாதாரண ட்ரம்பெற் பி பிளாட் வாத்தியம், நாங்கள் சி எண்டு ஊதினா வெளிய கேக்கிறது பி பிளாட். அப்ப மெலோடிக்காவோட சேரவேணும் எண்டா நாங்கள் ஒரு முழுச் சுரம் மேல வைச்சு டி மேஜரில வாசிக்கவேணும். கிளாரினெற்றுக்கும் அதுதான் கதை, ஆல்ட்டோ சக்ஸுக்கு வேற கணக்கு, அது ஏ மேஜர். கர்நாடக சங்கீதம் படிச்ச ஒரு பிள்ளை எங்களோட ரெக்கோடர் வாசிக்கிறவ, அவ ஒரே வரியில முடிச்சிட்டா, "உங்கட சட்ஜம் வேற இடத்தில இருக்கு, அவ்வளவுதானே." சரியா அவ்வளவுதான்.

இப்ப டி மேஜரில எங்கட சட்ஜம் ஆர், கீழ் டி. ட்ரம்பெற்றில விரலால அமத்துற மூண்டு வால்வ் இருக்கு, கீழ் டிக்கு ஒண்டாம் வால்வும் மூண்டாம் வால்வும் சேத்து அமத்தவேணும். அங்கதான் வில்லங்கம். ஒவ்வொரு வால்வும் அமத்தேக்க ஒரு துண்டுக் குழாயைக் கூடச் சேக்குது, ரெண்டாவது அரைச் சுரம் இறக்கும், ஒண்டாவது ஒரு சுரம், மூண்டாவது ஒண்டரை. அந்தத் துண்டுகளின்ர நீளம் தனித்தனியா அமத்துறதுக்குத்தான் கணக்குப் பாத்தது, ரெண்டு மூண்டு சேரேக்க குழாய் ஏற்கனவே நீண்டு போயிருக்கும், அந்த நீளத்துக்குத் துண்டு காணாது, அப்ப சுரம் கொஞ்சம் ஏறிக் கேக்கும். இது எந்தப் பெரிய கொம்பன் செய்த ட்ரம்பெற்றிலயும் இருக்கிற குணம். அதுக்குத்தான் மூண்டாம் வால்வின்ர ஸ்லைட்டில, அதாவது இழுத்து நீட்டுற குழாயில, விரல் விடுற வளையம் ஒண்டு வைச்சிருக்கு, கீழ் டி, சி ஷார்ப் வரேக்க இடக்கை விரலால அத வெளிய தள்ளவேணும்.

என்ரது தள்ளுப்படேல்ல. வளையம் இருக்கு, ஸ்லைட் அசையுதில்ல. இத்தனை நாள் குளக்கட்டில எனக்கு அது தெரியவே இல்ல, ஏனெண்டா பக்கத்தில ஆரும் சரியான சுரம் வாசிக்கேல்லயே! இப்ப நாலு மெலோடிக்கா ஒரு சுரத்தில நிக்க நான் அதுக்கு மேல ஒட்டாம நிக்கிறன், அதுவும் சட்ஜத்தில, எங்க போய் முடிஞ்சாலும் அந்தச் சட்ஜத்திலதானே வந்து நிக்கவேணும். மாஸ்டர் ஒண்டும் பேசேல்ல, முகத்த மட்டும் தேசிக்காய் கடிச்ச மாதிரி வைச்சிருந்தார். பிறகு போனில சுருதி காட்டுற ட்யூனர் ஆப்பைப் போட்டு முன்னுக்கு வைச்சார், முள்ளு வலப்பக்கம், ஏறின பக்கம், போய் அங்கயே குந்தியிருந்திட்டுது.

வெயிலையும் சொல்லவேணும். எங்கட கிரவுண்டில பத்து மணிக்குப் பிறகு நிண்டு ஊதின ஆக்களுக்குத் தெரியும், ஊத ஊத சுருதி ஏறும். காத்து சூடாகினா அதில சத்தம் ஓடுற வேகம் கூடும், கணக்குப்படி ஒரு பாகைக்கு கிட்டத்தட்ட மூண்டு சென்ற், அரைச் சுரத்த நூறாப் பிரிச்சா அதில மூண்டு பங்கு. குழாய்க்குள்ள எங்கட மூச்சும் இருக்கிறதால அவ்வளவும் முழுசா வராது, ஆனா பத்துப் பாகை கூடினா காதுக்கு நல்லாத் தெரியும். மெலோடிக்காவில இருக்கிறது உலோக நாக்கு, அது அப்பிடி ஏறாது. அப்ப நாங்கள்தான் மெயின் ஸ்லைட்டை இழுத்து இறங்கவேணும், ஒரு சென்ரிமீற்றர் இழுத்தா ரெண்டு பக்கமும் சேந்து குழாய் ரெண்டு சென்ரிமீற்றர் நீளும். என்ர பழசில மெயின் ஸ்லைட் இழுபடும், நல்லது, ஆனா இழுத்தா தானா முழுக்கக் கழண்டு விழும். ஒரு பக்கம் அசையாது, மற்றப் பக்கம் நிக்காது.

வால்வ் எண்ணெய்க் கதை இன்னும் மோசம். எங்கட பக்கத்துக் கடையள் வழிய தேடித் திரிஞ்சன், ஒருத்தரும் கேள்விப்படேல்ல. தேங்காயெண்ணை விடு, ஒண்டும் செய்யாது எண்டு ஹொஸ்டலில ஒரு அண்ணை சொன்னார், அவருக்கும் ட்ரம்பெற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா நான் கேட்டன். ரெண்டு கிழமை வழுவழு எண்டு ஓடிச்சுது. பிறகு ஒரு மார்கழி நிகழ்ச்சி, விடியக் காலமை ஆறரைக்கு ஒத்திகை, பனி. தேங்காயெண்ணை 24 பாகைக்குக் கீழ உறையும் எண்டது தலைக்கு வைக்கிற போத்தலில எத்தின தரம் பாத்திருப்பம், எனக்கு அந்த நேரம் யோசனை வரேல்லயே. வால்வை அமத்தினா கீழ போகுது, மேல வருதில்ல. விரலால நோண்டி இழுத்துப் பாத்து, கடைசியா சூடான பிளேன் ரீக் கப்பை வால்வுப் பக்கமா அணைச்சுப் பிடிச்சுக்கொண்டிருந்தன். நிகழ்ச்சி தொடங்கேக்க ரெண்டு வால்வ் வந்திட்டுது, மூண்டாவது வரேல்ல. அண்டைக்கு நான் கன்னத்த மட்டும் ஊதிக் காட்டினனான்.

அதோட விட்டிருக்கலாம். வாய் வைச்சு ஊதுற மவுத்பீஸ் இறுகிப் போச்சு எண்டு வீட்ட கொண்டு போனன், தம்பி குறடு எடுத்துக்கொண்டு வந்தான், அதுக்கெண்டு ஒரு கழட்டுற சாமான் இருக்கு எண்டு எனக்கு அப்ப தெரியாது. அவன் திருக, மவுத்பீஸ் அப்பிடியே நிக்க, அத ஒட்டின தாங்கு கம்பி பட் எண்டு விட்டுது. நகை செய்யிற அண்ணை ஒராளிட்டக் கொண்டுபோனன். அவர் திருப்பித் திருப்பிப் பாத்து, "இது எத்தின பவுண்?" எண்டு பகிடி விட்டுப்போட்டு காஸ் அடிச்சு ஒட்டித் தந்தார். ஒட்டு திறம், இண்டைக்கும் விடேல்ல, ஆனா அந்த இடத்தில தங்கக் கலர் எரிஞ்சு சட்டி அடி மாதிரிக் கறுத்துப் போச்சு. காசு கேட்டா வேண்டாம், ஒருக்கா ஊதிக் காட்டு எண்டார். ஊதினன். அவரும் தேசிக்காய் முகம்தான்.

இப்ப யமஹாவுக்கு வருவம். இந்தமுறை தனியப் போகேல்ல, சீனியர் அக்காவும் தமையனும் கொழும்பு போகேக்க நானும் காலமை ரெயினில தொத்திக்கொண்டு போனன். ஜப்பானில பாவிச்சு வாற சாமான் விக்கிற கடை. அக்கா எடுத்தோன்ன ஊதேல்ல, முதல்ல ஒரு வால்வும் அமத்தாம ரெண்டாம் ஸ்லைட்டை வெடுக்கெண்டு இழுத்தா, போத்தல் மூடி திறக்கிற மாதிரி டப் எண்டு சத்தம் வந்தது. அப்பிடி வந்தா வால்வ் காத்து விடேல்ல எண்டு அர்த்தமாம். பிறகு மவுத்பீஸ் போடுற குழாயில ரோஸ் கலர்ப் புள்ளி இருக்கோ எண்டு போன் லைற் அடிச்சுப் பாத்தா, அது பித்தளையில இருந்து நாகம் எண்ட உலோகம் (சிங்க்) கழண்டு போற வியாதி, வந்தா அந்தக் குழாய் உள்ளால உக்கிக்கொண்டு போகும். இருக்கேல்ல. மூண்டு வால்வையும் கழட்டி நம்பர் பாத்துத் திருப்பிப் போட்டா, மாறிப் போட்டா காத்தே போகாது. கடைசியா கீழ் டி பிடிச்சு மூண்டாம் ஸ்லைட்டை விரலால தள்ளினன். வெண்ணெய்!

மேல பூசின அரக்கு (லக்கர்) இடைக்கிடை போயிருக்கு, கை பிடிக்கிற இடத்தில பித்தளை வெறுமையாத் தெரியுது, சத்தம் வெளிய வாற விரிஞ்ச வாய்ப் பக்கம் சின்ன நசுங்கல் ஒண்டு. சத்தத்துக்கு ஒரு குறையும் இல்ல. அதோட வந்த மவுத்பீஸ் 11பி4 எண்ட சைஸ், எனக்கு அது காணும். வால்வ் எண்ணெயும் அங்கயே ரெண்டு போத்தல் வாங்கினன், நல்லெண்ணை விலையில்ல, ஆனா ஒரு தரத்துக்கு மூண்டு நாலு துளி போதும்.

ஆனா பாண்டில போய் சேரேக்க ஒண்டை யோசிச்சுக்கொள்ளுங்கோ, எவ்வளவு நல்ல சாமான் கொண்டு போனாலும் புது ஆளுக்கு செக்கண்ட் ட்ரம்பெற்தான். மெலடி அக்காவுக்கு, எனக்கு ஓரமா ரெண்டு சுரம், இடையில கனக்க மௌனம். யமஹாவோட ஏறின முதல் மேடையில நான் ஊதினதை விட எண்ணினதுதான் கூட. மனசுக்க ஒண்டு ரெண்டு மூண்டு நாலு, ரெண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு நாலு நாலாப் பதினாறு பார் எண்ணிக்கொண்டு நிக்கேக்க முன்வரிசையில அம்மா இருந்து ஏன் இவன் சும்மா நிக்கிறான் எண்டு பாக்கிறது தெரியுது, எண்ணிக்கை பிசகுது, நல்ல காலம் சைட் ட்ரம் அடிக்கிறவன்ர உருட்டல் எனக்குப் பழகினது, அதப் பிடிச்சு உள்ள வந்திட்டன். கடைசிச் சுரம் கீழ் டி. விரலைத் தள்ளினன். மெலோடிக்கா, கிளாரினெற், அக்கா, நான், எல்லாம் ஒரே சத்தமாப் போச்சு, என்ர ட்ரம்பெற் எது எண்டு எனக்கே கேக்கேல்ல. மாஸ்டர் என்ர பக்கம் திரும்பவே இல்ல. அவர் திரும்பாததுதான் எனக்குச் சந்தோசம்.

அரை ஸ்டார் ஏன் குறைச்சனான் எண்டா பெட்டிக்கு. சிப் பாதியில நிக்கும், உள்ளுக்க பாச்சை உருண்டை மணம், எட்டு மாசமா வெயிலில காயவைச்சும் போகேல்ல. அது ட்ரம்பெற்றின்ர பிழை இல்ல, முந்தி வைச்சிருந்த ஆளின்ர பழக்கம் போல. பட்ஜெட் 40,000 தான் எண்டா புதுசு வாங்காதயுங்கோ, பாண்டிட்ட இருக்கிற ஏதாவது வாத்தியத்தில சேந்து ஒரு வருசம் ஊதிக்கொண்டு காசைச் சேருங்கோ, கிளாரினெற்றோ மெலோடிக்காவோ என்னவெண்டாலும். ரெக்கோடர் வாங்கிற ஆக்கள் ஜேர்மன் ஃபிங்கரிங்கோ பரோக்கோ எண்டு மாஸ்டரிட்டக் கேட்டிட்டு வாங்குங்கோ, பாக்க ஒரே மாதிரி இருக்கும், எஃப் பிடிக்கேக்க விரல் மாறும், எங்கட மூண்டு பேரில ஒராள் மாறி வாங்கிப்போட்டு இப்பவும் கஸ்ரப்படுது.

பழைய ட்ரம்பெற் இப்ப தம்பியிட்ட. கச்சான் தோட்டத்துக்கு குரங்கு வருது எண்டு காவலுக்குக் கொண்டு போறவன், கண்டோன்ன ஒரே ஊது, அதுகள் விழுந்தடிச்சு ஓடும், குரங்குக்குச் சுருதி தேவையில்லத்தானே. நேற்று அவன் போன் எடுத்துச் சொல்றான், ரெண்டு கிழமையா அதுகளும் பழகீட்டுதாம், மரத்தில இருந்து கேட்டுக்கொண்டிருக்குதுகளாம்.