மேலிருந்து வரும் திட்டமா, கீழிருந்து எழும் திட்டமா?

வளரும் நாடுகளில் திட்டமிட இரண்டு வழிகள். தலைநகரில் வல்லுநர்கள் வகுப்பது ஒன்று. அணை, மின்நிலையம், ரயில்பாதை என்றால் அதுதான் சரி. ஆனால் அந்நியச் செலாவணியும் மழையும் காகிதத்துக்குக் கட்டுப்படுவதில்லை. இந்தியாவில் இரண்டு போர்களும் வறட்சியும் சேர்ந்து, 1966 முதல் 1969 வரை ஐந்தாண்டுத் திட்டத்துக்கே விடுமுறை விட வைத்தன.

கீழிருந்து வகுப்பது மற்றொன்று. கேரளம் 1996இல் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவெடுத்தது. எந்தத் தெருவில் குழாய் வறண்டு கிடக்கிறது என்பது அங்கே வசிப்பவர்களுக்குத்தானே தெரியும்? அப்புறம்தான் சிக்கல்: மதிப்பீடு போடப் பொறியாளர் கிடைக்கமாட்டார், பணம் வார்டு வார்டாகச் சிதறும். (ஓட்டுக் கணக்கு வேறு!) இருந்தாலும் குடிநீர், பள்ளி, சுகாதாரம் என்று வந்தால் நான் இந்தப் பக்கம்தான்.