சித்தப்பா அனுப்பிய செய்தியும் ‘அனுமதி’ என்ற பொத்தானும்

பிரபல நடிகர் ஒருவர் இறந்துவிட்டதாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். நடிகர் நன்றாகத்தான் இருக்கிறார். பணத்தைப் பறிகொடுத்தது என் அம்மா. நடுவில் நடந்ததை எழுதிவைத்தால் யாராவது ஒருவர் தப்பிப்பார் என்று இதை எழுதுகிறேன். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரை பெரிது என்பதால் அம்மாவின் டேப்லெட்டில் அந்த இணைப்பைத் திறந்தேன். செய்தி வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு ரோபோ படம். “நீங்கள் ரோபோ இல்லை என்றால் ‘அனுமதி’ என்பதை அழுத்தவும்” என்று ஒரு வரி. அதே நேரத்தில் மேலே ஒரு சின்னப் பெட்டி எதையோ கேட்டது. கோணல் எழுத்துகளைப் படி, போக்குவரத்து விளக்கு இருக்கும் கட்டங்களைத் தொடு என்று இணையம் நம்மை வருடக்கணக்கில் பழக்கி வைத்திருக்கிறதே, அந்தப் பழக்கத்தில் அழுத்திவிட்டேன். மூன்று வரிச் செய்தி வந்தது. ஒரு பழைய புகைப்படம், சுற்றிலும் விளம்பரம். பொய் என்று தெரிந்ததும் மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அந்தச் சின்னப் பெட்டி கேட்டது இதைத்தான்: “இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகளை அனுப்பலாமா?” ரோபோ சோதனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உண்மையான ரோபோ சோதனை எதுவும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்காது. இதற்குமேல் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம்.

இணையதளங்கள் நேரடியாக நம் கருவிக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி குரோம் உலாவியில் 2015ஆம் ஆண்டு வந்தது. செய்தி நிறுவனங்கள் அதை உடனே பற்றிக்கொண்டன. முக்கியச் செய்தி வந்தால் வாசகர் தளத்தைத் தேடி வரவேண்டாம், தளமே வாசகரைத் தேடிப் போகும். வசதி நல்லதுதான். ஆனால் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், பக்கத்தை மூடினாலும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மோசடிக்காரர்களுக்கு வேண்டியது அதுதான். நம் கருவியில் அவர்கள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. நம்முடைய ஒரு ‘சரி’ போதும்.

மறுநாளிலிருந்து அம்மாவின் திரையில் வரிசையாக வந்து விழுந்தன. “உங்கள் கருவியில் 5 வைரஸ்கள்”, “புகைப்படங்கள் இன்று அழிந்துவிடும்”, நடுநடுவே இன்னும் இரண்டு பிரபலங்களின் மரணம். ஒவ்வொன்றின் மூலையிலும் அனுப்பிய தளத்தின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்? என்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று அம்மா இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார். பிறகு ஒரு மதிய வேளையில் அறிவிப்பைத் தொட்டு, கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்த ஒரு பக்கத்தில், ‘பாதுகாப்பு மென்பொருள்’ வாங்க அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டார்.

“என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அம்மா?” என்றேன்.

“டேப்லெட்டே சொல்கிறதே, அது பொய் சொல்லுமா?” என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. வெளியாள் அனுப்பும் செய்தியும் கருவியே சொல்லும் செய்தியும் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் வந்து நிற்கும்போது அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

விஷயம் எனக்குத் தெரிய வந்தது அடுத்த மாதம் அதே தேதியில் இரண்டாவது முறை பணம் போனபோதுதான். ஒருமுறை வாங்கியதாக அம்மா நினைத்தது மாதச் சந்தா. அந்தப் பக்கத்திலிருந்த முகவரிக்கு எழுதிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. வங்கி அட்டையை முடக்கியது, இரண்டாவது தொகையைப் பற்றிப் புகாரும் எடுத்துக்கொண்டது. முதல் தொகைக்குக் கையை விரித்துவிட்டார்கள்: “வாடிக்கையாளரே அனுமதித்த பரிவர்த்தனை.” மறுபடியும் அதே சொல்.

டேப்லெட்டைச் சுத்தம் செய்வதிலும் முட்டாள்தனமாக ஒரு மாலையை வீணாக்கினேன். வைரஸ் தேடினேன், இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. உலாவியின் வரலாற்றை அழித்தேன், அறிவிப்புகள் நிற்கவில்லை. வரலாற்றை மட்டும் அழித்தால் கொடுத்த அனுமதி போகாது. உலாவியின் அமைப்புகளுக்குள் போய், தள அமைப்புகளைத் திறந்து, அறிவிப்புகள் என்ற பகுதியில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். அம்மாவின் டேப்லெட்டில் பதினோரு தளங்கள் இருந்தன. எனக்குத் தெரிந்த பெயர்கள் இரண்டு. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்றும் மாற்றிவைத்தேன். கொடுக்க ஒரு தொடுகை, திரும்பப் பெற நாலு படி. இதை வடிவமைத்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

கோபத்தோடு சித்தப்பாவுக்குப் போன் செய்தேன்.

“அதையா? நான் திறந்தே பார்க்கவில்லையேப்பா. தலைப்பைப் பார்த்தேன், அனுப்பிவிட்டேன்.”

அனுப்பியவர் பத்திரமாக இருக்கிறார், திறந்தவன் மாட்டிக்கொண்டேன்! அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளை 2016இல் ஆராய்ந்த கொலம்பியா பல்கலைக்கழக, பிரெஞ்சு ஆய்வாளர்கள், அவற்றில் 59 சதவீதத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை என்று கண்டார்கள். 2020இல் ட்விட்டரே, “படித்துவிட்டுப் பகிரலாமே” என்று பயனரைக் கேட்டுப் பார்க்கத் தொடங்கியது.

சித்தப்பா நம்பியது இணைப்புக்குக் கீழே தெரிந்த படத்தையும் தலைப்பையும். ஒரு நாளிதழின் சின்னம் அதில் இருந்ததாம். அந்த முன்னோட்டத்தில் எந்தப் படம், எந்தத் தலைப்பு வரவேண்டும் என்று எழுதிவைப்பது அந்தத் தளத்தின் உரிமையாளரே. நாளை நானே ஒரு பக்கம் தயாரித்து, எந்த நாளிதழின் சின்னத்தையும் அதில் ஒட்டிவிடலாம். நம்ப வேண்டியது முகவரியை மட்டும். அதுவும் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு.

இன்னொரு அடையாளமும் என் கண்ணெதிரே இருந்தது. பலமுறை கைமாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போடுகிறது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு அரட்டைக்குத்தான் அனுப்பவும் முடியும். சித்தப்பா அனுப்பியதில் அந்த இரட்டை அம்பு இருந்தது. பார்த்தேன். ‘சித்தப்பாதானே’ என்று நினைத்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கருவியில் அந்தப் பட்டியலை இன்றே திறந்து பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், திட்டாதீர்கள். நான் திட்டினேன், அதன் பிறகு அம்மா இரண்டு நாள் டேப்லெட்டைத் தொடவில்லை.

போன வாரம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: முடக்கப்பட்ட அட்டையிலிருந்து பணம் எடுக்கும் முயற்சி மறுக்கப்பட்டது. நேற்று இன்னொன்று.