சுத்திகரிப்பு நிலையத்துக் கசடா, சாணமா, நார்க்கழிவா: குமரி விளைகளில் எது தங்கும்?

குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் பெருகப் பெருக மாட்டுத் தொழுவங்கள் குறைந்துபோயின. நல்ல சாணம் ஒரு லோடு வேண்டுமென்றால் இப்போது சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். அதனால்தான் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடு பற்றிப் பேச்சு வந்தாலே, "சும்மா கிடைத்தால் போட்டுப் பார்க்கலாமே" என்று பலருக்கும் தோன்றுகிறது. மண்ணின் கரிமச்சத்துக்கு அது எவ்வளவு உதவும் என்பதைச் சாணத்தோடும், கயிறு ஆலைகளின் ஓரத்தில் குவிந்துகிடக்கும் தென்னை நார்க்கழிவோடும் வைத்துப் பார்க்கலாம்.

செப்டிக் டேங்க் லாரி இருட்டில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவது இந்தக் கணக்கிலேயே வராது. அது பச்சைக் கழிவு. இங்கே பேசுவது காற்றில்லாத் தொட்டியில் செரித்து, மணல் படுகையில் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து நிற்கும் கசடு. உடைத்தால் கருப்பாக, லேசாக இருக்கும். மூக்கைப் பிடிக்க வைக்கிற நாற்றம் இருந்தால் செரிமானம் முடியவில்லை என்று அர்த்தம்.

நம் செம்மண்ணிலும் சரளை மண்ணிலும் கரிமச்சத்தை ஏற்றுவது லேசுப்பட்ட வேலை அல்ல. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம், நடுவில் நல்ல வெயில். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரு ஏக்கரின் மேல்மண், 15 செ.மீ. ஆழத்துக்கு, ஏறக்குறைய 800 டன். அதில் கரிமம் 0.1 சதவீதம் கூட வேண்டுமானால் 800 கிலோ கரிமம் தங்க வேண்டும். போட்டால் போதாது, தங்க வேண்டும். செரித்த கசடின் உலர் எடையில் கால்வாசி அல்லது சற்றுக் கூடுதலாகக் கரிமம் இருக்கும். ஏக்கருக்கு 4 டன் போட்டால் சுமார் ஒரு டன் கரிமம். இந்தச் சூட்டில் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே அதில் பாதியோ அதற்கு மேலோ கரியமில வாயுவாகப் போய்விடும். சாணத்துக்கும் இதே கதிதான், வேகம்தான் கொஞ்சம் குறைவு.

அந்த வேகத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதத்துக்கு. கசடில் அது 10-க்கும் கீழே. மக்கிய தொழுவுரத்தில் 20-ஐ ஒட்டி. பச்சை நார்க்கழிவில் 112. சிப்பிக்காளான் வித்தும் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சேர்த்து மக்கவைக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக முறையில் அது 24-க்கு இறங்குகிறது. விகிதம் குறைந்தால் சீக்கிரம் சிதையும், தழைச்சத்து வெளிவந்து பயிர் உடனே பச்சை கட்டும். உலர் கசடு ஒரு டன்னில் 30 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கிறது, சாணத்தில் வெறும் 5 கிலோ. அதைப் பார்த்துத்தான் ஆட்கள் மயங்குகிறார்கள். இலை கருகருவென்று ஆவதும் மண் வளர்வதும் ஒன்றல்ல. மரத்தன்மை தரும் லிக்னின் மிகுந்த நார்க்கழிவு மெதுவாகத்தான் கரையும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். கோடையில் தென்னந்தடத்தில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கிளறிப் பார்த்தால் தெரியும்: நார்க்கழிவு போட்ட இடம் விரலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும்.

கசடில் இன்னொரு ஓட்டை சாம்பல்சத்து. பொட்டாசியம் தண்ணீரில் கரைவதால் சுத்திகரிக்கும்போதே நீரோடு போய்விடும். கசடில் மிஞ்சுவது சொற்பம். ஏத்தன் (நேந்திரன்) வாழையோ தழைச்சத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு சாம்பல்சத்து கேட்கும். கசடை மட்டும் நம்பினால் வாழை உயரமாக நிற்கும், குலை ஏமாற்றும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) விஷயத்தில் கசடுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். நம் மண்ணின் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பூட்டிவைக்கும் இடத்தில் அது உதவும்.

அப்புறம் உலோகங்கள். சாணத்தையும் கசடையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் போட்டு நெடுங்காலம் பார்த்த சோதனை ஒன்று இங்கிலாந்தின் வோபர்னில் இருக்கிறது. ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தார் 1942 முதல் 1961 வரை கசடு போட்டு நிறுத்தினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் கழித்துப் பார்த்தபோது, கசடால் ஏறிய கரிமம் குறைந்துகொண்டே வந்திருந்தது. காட்மியம், துத்தநாகம், செம்பு, நிக்கல் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நின்றன. கசடுப் பாத்தியில் நுண்ணுயிர் எடை சாணப் பாத்தியில் இருந்ததில் ஏறத்தாழ பாதி. குளோவர் என்ற தீவனப் பயிரின் வேரில் தழைச்சத்து பிடிக்கும் பாக்டீரியாவும் வேலை செய்யவில்லை. அன்றைய கசடில் ஆலைக் கழிவு கலந்திருந்தது. வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் நிலையத்தில் உலோகம் இவ்வளவு இராது. என்றாலும் வந்த கரிமம் போகும், வந்த உலோகம் போகாது என்பதில் மாற்றமில்லை. கசடு வேண்டாம் என்பவர்களின் வாதங்களில் எனக்குக் கனமாகப் படுவது இதுதான். சுவிட்சர்லாந்து 2006-லிருந்து கசடை வயலில் போடவே விடுவதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலமும் ஃப்ளோரின் கலந்த நச்சு வேதிப்பொருட்களைக் காரணம் காட்டி 2022-இல் தடை போட்டது.

புளிப்பு (அமில) மண்ணில் இந்த உலோகங்கள் இன்னும் எளிதாக வேருக்குப் போகும். சுண்ணாம்பு போட்டுச் சரிக்கட்டலாம். ஆனால் கசடுக்குத் தோதான பயிர் என்று எல்லோரும் கைகாட்டும் ரப்பருக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும்; அங்கே சுண்ணாம்பை அள்ளிப் போட முடியாது. உண்ணும் பயிர் இல்லை என்பது ரப்பருக்கு உள்ள வசதி. சரிவு அதன் சங்கடம்: குலசேகரம், திற்பரப்பு பக்கத்துச் சரிவுகளில் சாரல் மழைக்கு முன் தூவினால் பாதி கோதையாற்றுக்குத்தான் போகும். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் காண்டூர் குழி எடுத்துப் புதைக்கத் தயார் என்றால் மட்டுமே யோசிக்கலாம்.

மரச்சீனிக்கு (மரவள்ளி) வேண்டவே வேண்டாம். முழுக் கிருமிநீக்கம் செய்யாத இரண்டாம் தரக் கசடை மண்ணில் சேர்த்தால், கிழங்குப் பயிர் எடுக்க 20 மாதத்திலிருந்து 38 மாதம் வரை காத்திருக்கச் சொல்கிறது அமெரிக்காவின் 1993-ஆம் ஆண்டு விதி. மனிதக் குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும். பத்து மாதத்தில் கிழங்கு பிடுங்கும் நமக்கு இது ஒத்துவராது. கீரை, இஞ்சி, மஞ்சளுக்கும் இதே பதில்தான்.

தென்னைக்கு என்னிடம் கேட்டால், கசடையும் நார்க்கழிவையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒன்றாக மக்கவைக்கச் சொல்வேன். ஒன்றில் தழைச்சத்து அதிகம், மற்றதில் கரிமமும் சாம்பல்சத்தும் உண்டு. உலர் எடையில் மூன்று பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு கசடு சேர்த்தால் விகிதம் 30-க்குப் பக்கத்தில் வரும். யூரியா வாங்கும் செலவு மிச்சம். குவியலுக்குள் 55 டிகிரி சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். அந்தச் சூடுதான் கிருமியையும் பூச்சி முட்டையையும் கொல்கிறது, எனவே கம்பி வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய கதம்பையின் (தேங்காய் மட்டை) கழிவு என்றால் முதலில் மழையில் நன்றாக அலசிவிட வேண்டும். புரட்டுகிறவர் கையுறையும் பூட்ஸும் போட்டே ஆக வேண்டும்.

சாணம் கிடைக்கிறவர்கள் இவ்வளவு தொல்லைப்பட வேண்டியதில்லை, சாணத்தையே போடலாம். தென்னைக்கு ஆண்டுக்கு 50 கிலோ என்ற பழைய அளவு இன்றும் சரிதான். கசடு வாங்குகிறவர்கள் ஆய்வக அறிக்கை இல்லாமல் லோடு இறக்கக் கூடாது. நகரக் கம்போஸ்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்குக் காட்மியம் 5 மி.கி., ஈயம் 100, நிக்கல் 50, துத்தநாகம் 1000. கசடையும் அதே கோலால் அளக்கலாம். மக்கும்போது எடை குறைந்து உலோகம் செறிவடையும் என்பதால், கசடுக்கு ஒரு அறிக்கை, மக்கிய உரத்துக்கு இன்னொன்று என்று இரண்டும் வேண்டும். கசடு தருகிறவர் முதல் அறிக்கையைக் காட்டத் தயங்கினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.