நடிக்கும் நோயாளியா, பயிற்சி பொம்மையா?

1963-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயாளிபோல நடிக்க ஒருவரைப் பழக்கி மருத்துவ மாணவர்கள்முன் உட்காரவைத்தார். நார்வேயின் லேர்டால் நிறுவனம் அதற்கு முன்பே, 1960-இல், உயிர்காப்பு முதலுதவி பழகுவதற்கான ரெசசி ஆன் பொம்மையைக் கொண்டுவந்திருந்தது.

பொம்மை கைவேலைக்கு. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100–120 முறை அமுக்க வேண்டும். 30 அமுக்கலுக்கு 2 முறை வாயில் மூச்சு ஊதல். நடிகர்மேல் செய்தால் விலா எலும்பு முறியலாம். சிறுநீர்க் குழாய் செருகுவதும் பொம்மையில்தான்.

நோயாளியிடம் கேட்டறியும் விசாரிப்புக்கு நடிகரை விட்டால் ஆளில்லை. நெஞ்சுவலிக்காரராக வருபவரிடம் தரும் தாளில் வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். சொதப்பல் இங்கேதான்: "என்ன செய்யுது?" என்றதுமே புகைப்பழக்கம்வரை அவர் கொட்டிவிட்டால், மாணவருக்குக் கேட்க மிச்சமில்லை. வயிற்றுவலிக்காரராக நடிப்பவர் வயிற்றை அழுத்தினால் முகம் சுளிப்பார், தசையை இறுக்குவார். இதய முணுமுணுப்பை (இதயத்துடிப்போடு கேட்கும் கூடுதல் இரைச்சலை) மட்டும் வரவழைக்க முடியாது. அதற்கு 1968-இல் அறிமுகமான, மயாமி பல்கலைக்கழகத்தின் ஹார்வி பொம்மை வேண்டும்.

தையலுக்கு இரண்டையும் கலப்பதே மேல். நடிகரின் முன்கையில் செயற்கைத் தோலைக் கட்டிவிட்டால், "வலிக்குதா?" என்று கேட்டபடியே மாணவர் தைக்கலாம்.